முள்ளாயியும் இரவல் குரலும்

ஒரு காட்டில் முள்ளாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுக்குப் பாட்டென்றால் உயிர். கிழங்கு தோண்டும்போது பாடுவாள். தோண்டிய கிழங்கைத் தின்னும்போதும் பாடுவாள். வாய் நிறையக் கிழங்கை வைத்துக்கொண்டு பாடினால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள் பிள்ளைகளே. அவள் தன் வளைக்குள்தான் பாடினாள், நான் அங்கே போனதில்லை.

குரல் எப்படி? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சருகின் மேல் யாரோ நடக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. ஆனால் சுருதி விலகாது, தாளம் தப்பாது. பாடி முடித்ததும், "பலே முள்ளாயி!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். சொல்ல வேறு ஆள் இல்லையே!

அந்தக் காட்டில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு கொண்டாட்டம் நடக்கும். அதைத் தொடங்கி வைத்தவள் மஞ்சமூக்கி என்ற மைனா. கொஞ்ச காலம் டவுனில் ஓர் ஓட்டல் கூரையில் குடியிருந்துவிட்டுத் திரும்பியவள் அவள். வந்ததும் வராததுமாக எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னாள்:

"ஊருக்குள்ளே கரோக்கின்னு ஒண்ணு நடத்துறாங்க. வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கும். பாட்டுக்காரர் கிடையாது. யாருக்கு ஆசையோ அவங்க ஏறிப் பாட வேண்டியதுதான். வித்வானா இருக்கணும்னு இல்லே, வாய் இருந்தாப் போதும்!"

கேட்க வேண்டுமா? காடே குதித்தது. ஓடைக்கு நடுவில் இருந்த தட்டைப்பாறை மேடையாயிற்று. சில்வண்டுகள் சுருதி பிடித்தன. மரங்கொத்தி தாளம் போட்டது. தவளைகள் தொண்டையை உப்பி உப்பிக் கடம் வாசித்தன. பாட்டு மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கப் பக்கத்திலேயே ஒரு கிளி. பாடுகிறவர் கையில் ஒரு சோளக்கதிர். அதுதான் மைக்! அதைப் பிடித்தால் சத்தம் பெரிதாகாது, தைரியம் பெரிதாகும் என்பது மஞ்சமூக்கியின் கட்சி.

வாத்தியம் ஒருமுறை தொடங்கிவிட்டால் பாட்டு முடியும்வரை நிற்காது. பாடுகிறவர் திக்கினாலும் சரி, திணறினாலும் சரி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பாட்டு பிடித்துவிட்டால் கூட்டம் கைதட்டாது. குளம்பையும் நகத்தையும் வைத்துக்கொண்டு எப்படித் தட்டுவது? எல்லாரும் கழுத்தை நீட்டி, "கூ...!" என்று ஒரே குரலில் கூவுவார்கள். அந்தக் கூவலைக் கேட்டவர்களுக்கு ஒரு வாரம் பசி எடுக்காது.

முதல் ஆளாக ஏறுகிறவன் எப்போதும் தேனப்பன் என்ற கரடிதான். சுருதியா? அவனுக்கும் அதற்கும் தூரம். ஒரு பாட்டின் தலையை இன்னொரு பாட்டின் வாலில் ஒட்டிவிடுவான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி அவன் பாட ஆரம்பித்தால், முயலிலிருந்து காட்டெருமைவரை எழுந்து ஆடாதவர்கள் கிடையாது.

முள்ளாயி மூங்கில் மறைவில் நின்று இதையெல்லாம் பார்ப்பாள். "நானும் ஒருநாள் அங்கே நிக்கணும். எனக்கும் ஒரு கூ விழணும்" என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும்.

பங்குனிப் பௌர்ணமியில் துணிந்து பெயர் கொடுத்தாள். மஞ்சமூக்கி கூப்பிட்டாள். பாறையை நோக்கி நாலடி வைத்தவள் கூட்டத்தைப் பார்த்தாள். எத்தனை கண்கள்! அவ்வளவுதான், முதுகில் இருந்த முள்ளெல்லாம் குத்திட்டு நின்று கலகலவென்று ஆடின. எடுத்தாள் ஓட்டம். வளையில் போய்த்தான் நின்றாள்.

சித்திரைப் பௌர்ணமியில் பாறைமேல் ஏறியே விட்டாள். சோளக்கதிரைக் கையிலும் வாங்கிவிட்டாள். பயம் வந்தால் எதையாவது கொறிப்பது அவள் சுபாவம். வாத்தியம் தொடங்கியது. முள்ளாயி பாடுவதற்குப் பதிலாக மைக்கைத் தின்ன ஆரம்பித்தாள்! பாதி மைக் போன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. மறுபடியும் ஓட்டம்.

மறுநாள் மஞ்சமூக்கி வளை வாசலுக்கே வந்துவிட்டாள். கோபமில்லை, ஆனால் கறார்.

"இதோ பாரு முள்ளாயி. பாறை ஒண்ணுதான், பாட ஆசைப்படுறவங்க நூறு பேரு. மூணு தடவை கூப்பிட்டும் பாடாதவங்க பேரைப் பட்டியல்லேருந்து அடிச்சிடணும்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். உனக்கு ரெண்டு தடவை போச்சு. வைகாசிதான் கடைசி. அன்னிக்கும் ஓடிட்டேன்னா, அப்புறம் நீ மூங்கில் மறைவிலேயே நிக்க வேண்டியதுதான், எந்தக் காலத்துக்கும்!"

 பாடாமல் இருக்கவும் முடியாது, பாடவும் முடியாது. முள்ளாயி என்னதான் செய்வாள்?

வைகாசிப் பௌர்ணமியும் வந்தது. அன்று மத்தியானமே அவள் பெரிய மாமரத்தடிக்குப் போனாள். அங்கே செங்கண்ணன் என்ற குயில் இருந்தான். காட்டிலேயே இனிமையான குரல் அவனுடையது. அது அவனுக்கும் தெரியும். ரொம்பவே தெரியும்!

முள்ளாயி போனபோது அவன் மும்முரமான போட்டியில் இருந்தான். யாரோடு? எதிர் மலையிலிருந்து வந்த அவனுடைய எதிரொலியோடு! அவன் "கூஉ" என்பான். மலை "கூஉ" என்னும். "என்னைவிடவா?" என்று அவன் இன்னும் உயரக் கூவுவான். மலையும் விடாது. யார் கூவினாலும் சரி, அதற்கு மேலே ஒரு கூவல் கூவாவிட்டால் செங்கண்ணனுக்குத் தலை வெடித்துவிடும். கடைசியில் மூச்சு வாங்கித்தான் நிறுத்தினான்.

"ஐயா, நீங்கதான் காப்பாத்தணும்" என்று முள்ளாயி தன் கதையை எல்லாம் சொன்னாள். "மேடையிலே பயம் வராம இருக்க ஏதாச்சும் வழி சொல்லுங்க."

"அந்தப் பாறைக்கா போறே? கரடியெல்லாம் பாடுற இடம்! பௌர்ணமி ராத்திரியிலே நான் இதுவரைக்கும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லே" என்று செங்கண்ணன் மூக்கைத் தூக்கிக்கொண்டான். "சரி, எங்கே, ரெண்டு அடி பாடு கேப்போம்."

முள்ளாயி மழைக் கல்யாணப் பாட்டைப் பாடினாள். பயத்தில் கரகரப்பு இன்னும் கூடிவிட்டது.

"போதும் போதும்! இந்தக் குரலை வச்சுக்கிட்டு மேடை ஏறினா மானம்தான் போகும். நான் ஒரு யோசனை சொல்றேன், கேளு. பாறைக்குப் பின்னாலே ஈச்சம்புதர் இருக்கில்லே? நான் அதுக்குள்ளே உட்கார்ந்து பாடுறேன். நீ வாயை மட்டும் அசை. எல்லாரும் நீ பாடுறதாத்தான் நினைப்பாங்க."

"அய்யோ, அது ஏமாத்து வேலை இல்லையா?"

"அப்போ போய் நீயே பாடு. யார் வேண்டாம்னா?"

"சரிங்க ஐயா, நீங்களே பாடுங்க" என்றாள் முள்ளாயி.

"ஆனா ஒண்ணு" என்றான் செங்கண்ணன். "நான் பாடுறதைக் கேட்டா மஞ்சமூக்கி கட்டாயம் உன்னைக் கேப்பா, 'யார்கிட்டே கத்துக்கிட்டே'ன்னு. அப்போ சபையறிய, 'எல்லாம் செங்கண்ணன் ஐயா போட்ட பிச்சை'ன்னு சொல்லணும். சத்தமாச் சொல்லணும்!"

முள்ளாயி தலையாட்டிவிட்டாள். சாயங்காலம்வரை வளைக்குள் உட்கார்ந்து, சத்தம் வராமல் வாயசைத்துப் பழகினாள். அப்பப்பா, அது என்ன லேசான காரியமா! பாட்டு நினைவுக்கு வந்தாலே குரல் தானாகக் கிளம்பி வந்தது. அதை அமுக்கி அமுக்கியே அவளுக்குத் தொண்டை வலித்துவிட்டது.

பொழுது சாய்ந்தது. நிலா மலைக்கு மேலே தலையை நீட்டியது. மழைக்காலத்துக்கு முன்னால் இதுதான் கடைசிப் பாட்டு மாலை. சாரல் பிடித்துவிட்டால் ஓடை பாறைக்கு மேலே ஓடும். ஆகவே காடு மொத்தமும் வந்திருந்தது. வயதான காட்டெருமைகூட ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்துவிட்டது. இடம் போதாமல் குரங்குகள் மரத்திலே தொங்கின.

தேனப்பன் ஏறினான், ஒரே கலக்கல்! பிறகு இரண்டு மயில்கள். பிறகு ஒரு கீரி, அடித்தொண்டையில் ஒரு தாலாட்டைப் பாடித் தன் குட்டியையே எழுப்பிவிட்டது. கூ, கூ என்று கூட்டம் கொண்டாடியது. ஆனால் முள்ளாயியின் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் ஈச்சம்புதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூவலெல்லாம் ஓய்ந்து, அவள் முறை வருகிற நேரத்தில்தான் உள்ளே இரண்டு சிவப்புக் கண்கள் வந்து மினுங்கின. அப்பாடா, ஐயா வந்துவிட்டார்!

"அடுத்து, முள்ளாயி!" என்றாள் மஞ்சமூக்கி. "மூணாவது அழைப்பு! கடைசி அழைப்பு!"

கூட்டம் கழுத்தை நீட்டியது. முள்ளாயி பாறைமேல் ஏறினாள். கிளி புதுச் சோளக்கதிரை நீட்டி, "தின்னுடாதே தாயி" என்று காதோடு சொன்னது.

வாத்தியம் தொடங்கியது. அவளுக்கு மிகவும் பிடித்த மழைக் கல்யாணப் பாட்டு. முள்ளாயி வாயைத் திறந்தாள். ஈச்சம்புதரிலிருந்து தேன் வழிந்தது.

"மலைக்கு மேலே மேளச் சத்தம், யாரு கல்யாணம்?
மாரிக்கும் மண்ணுக்கும்தான் இன்னிக்குக் கல்யாணம்!"

கூட்டம் மூச்சுவிட மறந்தது. "நம்ம முள்ளாயியா இது!" என்று ஒரு முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். இதற்குத்தானே இத்தனை நாள் ஏங்கினாள்? ஆனால் அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. தன் கல்யாணத்தில் வேறு யாரோ மாலையும் கழுத்துமாக நிற்க, தான் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தது.

"மாலை கட்டக் கொன்றைப்பூவு யாரு கொண்டாந்தா?
மலைக்காத்து மடியில் கட்டி ஓடி வந்துச்சாம்!"

முதல் பாதி முடிந்தது. நடுவில் கொஞ்சம் வாத்தியம். அவ்வளவுதான், தாங்க முடியாமல் காடு மொத்தமும் கழுத்தை நீட்டியது.

"கூ...!"

ஐயோ! அதை யாருமே யோசிக்கவில்லையே! பௌர்ணமியில் அந்தப் பக்கமே வந்திராத செங்கண்ணனுக்கு இந்த வழக்கம் தெரியாது. முள்ளாயிக்குத் தெரியும், ஆனால் பயத்தில் அவளுக்குத் தன் பெயரே பாதி மறந்திருந்தது.

ஒரு கூவல் கேட்டாலே செங்கண்ணனால் சும்மா இருக்க முடியாது. இதுவோ நூறு கூவல்! அவன் அலகை இறுக்கிக் கடித்தான். சிறகால் வாயைப் பொத்தினான். முடியவில்லை. உள்ளுக்குள் முட்டிக்கொண்டு வந்தது.

"கூஉ!" என்று புதர் கூவியது.

பாறைமேல் நின்ற முள்ளாயியின் வாய் மூடியிருந்தது.

கூட்டம் திகைத்தது. "யாருப்பா அது?" என்று சில குரங்குகள் மறுபடி கூவிப் பார்த்தன. புதர் இன்னும் உயரத்தில் பதில் கூவியது. குரங்குகளுக்குக் கேட்க வேண்டுமா? விடாமல் கூவின. "கூஉ! கூஉ! கூஉஉ!" என்று ஏறிக்கொண்டே போன செங்கண்ணன், மறந்துபோய்ப் புதரை விட்டுப் பறந்து, எல்லாரும் பார்க்க உச்சாணிக் கிளையில் போய் உட்கார்ந்து கூவினான். பாட்டாவது, முள்ளாயியாவது! எல்லாம் காற்றில் போயிற்று.

"அடடே, குயிலா பாடிச்சு!" என்று ஒரு நரி கெக்கலி கொட்டிச் சிரித்தது. அதைத் தொடர்ந்து கூட்டமே சிரித்தது.

"முள்ளாயி, அப்போ நீ வாயை மட்டும்தான் அசைச்சியா?" என்று கேட்டாள் மஞ்சமூக்கி. அவள் முகம் வாடிவிட்டது.

முள்ளாயிக்குப் பாறை பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. முள்ளெல்லாம் குத்திட்டு நின்றன. கலகல, கலகல! கால்கள் தாமாகவே ஓட்டத்துக்குத் தயாராயின.

ஆனால் வாத்தியம் நிற்கவில்லை! சில்வண்டுகள் சுருதியை விடவில்லை. மரங்கொத்தி டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாம் பாதி வந்துகொண்டே இருந்தது.

தேனப்பன் எழுந்து நின்று கத்தினான். "ஏ முள்ளாயி! அழுறதை அப்புறம் வச்சுக்கலாம். அடுத்த அடி வருது பாரு, பிடி! விட்டுடாதே!"

"என் குரல் நல்லா இல்லேண்ணே!"

"எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? பாடுவியா, சும்மா நிக்கிறியே!"

கிளி காதோடு அடியெடுத்துக் கொடுத்தது. இப்போது ஓடினால் பெயர் போய்விடும், எந்தக் காலத்துக்கும். முள்ளாயி சோளக்கதிரை இறுகப் பிடித்தாள். கண்ணை மூடினாள். வந்தது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"பந்தலுக்குத் தூணு நட யாரு வந்தாங்க?"

கரகரவென்று வந்தது. பாதியில் உடைந்தது. நரி களுக்கென்று சிரித்தது. முள்ளாயி நிறுத்தவில்லை.

"பச்சை மூங்கில் பங்காளிங்க பத்துப் பேருங்க!"

இது உடையவில்லை! கரகரப்பு இருந்தது, ஆனால் காலூன்றி நின்றது. முள்ளாயி மெல்லக் கண்ணைத் திறந்தாள். அதே கண்கள், நூறு கண்கள். அவை எதற்காகப் பார்க்கின்றன என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த அடி என்னவென்று கேட்கக் காத்திருந்தன!

அவ்வளவுதான், முள்ளாயியை இனி யார் பிடிப்பது? வளைக்குள் பாடுகிற அதே தெம்பில் குரல் கிளம்பியது. முள் கலகலத்தது. கலகலக்கட்டுமே! கல்யாணப் பாட்டுக்குச் சலங்கை வேண்டாமா? அவள் இடுப்பைக்கூட ஒரு வெட்டு வெட்டிவிட்டாள்.

"தாலி கட்டும் நேரமாச்சு, தவளை எல்லாம் வா!
தலைநனைஞ்சு ஆடிப்போக உறவு எல்லாம் வா!"

"வா! வா!" என்று தவளைகள் கூடவே கத்தின. குரங்குகள் கிளையை உலுக்கின. வயதான காட்டெருமை கால் வலியை மறந்து ஆடியது. சிரித்த நரியே எழுந்து வாலைச் சுழற்றியது. கடைசி அடியை நாலு தடவை பாட வைத்தார்கள். முள்ளாயிக்கும் விட மனசில்லை. பாடினாள், பாடினாள், ஓடைத் தண்ணீர் அதிரப் பாடினாள்!

பாட்டு முடிந்தது.

"கூ...!"

மலை திருப்பிச் சொல்லும்படி ஒரு கூவல். அது முழுக்க முழுக்க அவளுக்கு! முள்ளாயி அழுதுகொண்டே சிரித்தாள். உச்சாணிக் கிளையிலிருந்து செங்கண்ணன் பதிலுக்கு "கூஉ" என்றான், பாவம். குரல் கட்டிப்போய் அது "கொர்" என்றுதான் வந்தது.

மஞ்சமூக்கி பறந்து வந்து முள்ளாயி பக்கத்தில் நின்றாள். "உன் பேரு பட்டியல்லே இருக்கு. இனிமே அதை யாரும் அடிக்க முடியாது!"

"முதல் பாதி என்னோடது இல்லே" என்றாள் முள்ளாயி கூட்டத்தைப் பார்த்து. "செங்கண்ணன் ஐயா பாடினது. உங்களை ஏமாத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

"ரெண்டாம் பாதி உன்னோடதுதானே? அது போதும்" என்றது வயதான காட்டெருமை. எல்லாரும் அதையே சொன்னார்கள்.

"சரி, இப்போ சபையறியச் சொல்லு" என்றாள் மஞ்சமூக்கி. "நீ யார்கிட்டே கத்துக்கிட்டே?"

கிளையில் செங்கண்ணன் சட்டென்று நெஞ்சை நிமிர்த்தினான். சிறகைக் கோதிவிட்டுக்கொண்டான்.

முள்ளாயி அவனைப் பார்த்தாள். பிறகு சோளக்கதிரை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தமாகவே சொன்னாள்.

"தேனப்பன் அண்ணன்கிட்டே!"

கரடி பதறிப்போனான். "என்கிட்டேயா? அடியே, எனக்குப் பாடவே தெரியாதே!"

"அதைத்தான்ணே கத்துக்கிட்டேன்" என்றாள் முள்ளாயி. "தெரியலேன்னாலும் பாடலாம்னு!"

நீதி: இரவல் குரல் எவ்வளவு இனித்தாலும் பாதியில் விட்டுப் பறந்துவிடும், கரகரத்தாலும் சொந்தக் குரலே கடைசி அடிவரை கூட வரும்.